கணிப்பியல் கற்க எங்கே செல்வது?

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, தமிழாசிரியனாகிய என்னிடமிருந்து இலக்கியக் கட்டுரையொன்றையே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். எழுத்தைக் கற்பிப்பவன் எண்ணைப் பற்றி எழுதப் புகுவது பொருந்துமா என நானும் சிறிது தயங்கினேன். எனினும், அண்மைக் காலத்தில் நம் மாணவரும் அவர்தம் பெற்றோரும் என்னை அடிக்கடி கேட்கும் வினா ஒன்றுண்டு. "அக்சுவரி படிப்புக்கு எந்தப் பல்கலைக்கழகம் நல்லது?" என்பதே அது. மருத்துவம், பொறியியல் என்னும் இரு பாதைகளையே பார்த்துப் பழகிய நமது மண்ணுக்கு இது புதிய வினா. விடை தெரியாமையாற் காணியை விற்க முனைந்தவரும் உளர். விடை தெரியாமையால் நல்ல வாய்ப்பைக் கைவிட்டவரும் உளர். ஆதலின், இதுபற்றி நான் தேடி அறிந்தவற்றை இங்கே சொல்லுதல் பயனுடையதெனக் கருதுகின்றேன்.

இவ்வினா என்னிடம் வருவதற்குக் காரணம் என் புலமையன்று. நான் பட்டதாரியல்லேன். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது நானும் புத்தகப் பையோடு நடந்த பாடசாலைச் சிறுவன். பின்னர் பல்கலைக்கழகம் புகும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயின்று, பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரம் பெற்று, அதனையே பெரும் பேறாகக் கொண்டு வாழ்பவன். என் தமக்கையாரின் மைந்தன் இக்கல்வியைக் கற்க விரும்பியதும், அவனுக்குத் தந்தை இன்மையால் அப்பொறுப்பு மாமனாகிய என்மேல் வீழ்ந்ததுமே நான் இத்துறையின் வாயிலைத் தட்ட நேர்ந்த காரணமாகும்.

முதலில், அக்சுவரி என்பவர் யார்? தமிழிற் காப்புறுதிக் கணிப்பாளர் எனலாம். ஆயினும் அவர் தொழில் காப்புறுதியோடு முடிவதன்று. ஓய்வூதியம், சேமலாப நிதி, நோய்க்கால உதவி, வெள்ளம் புயல் முதலியவற்றால் விளையும் இழப்பு ஆகிய அனைத்தும் அவர் ஆராயும் பொருள்களே. வருங்காலத்தில் நிகழக்கூடிய ஒன்று எத்துணை உறுதியாக நிகழும், எப்பொழுது நிகழும், அதற்கு இன்றே எவ்வளவு பணம் ஒதுக்கவேண்டும் என்று எண்ணாலே அளந்து சொல்லுபவர் அவர். ஆதலின் அவரைக் கணிப்பாளர் என்றும், அவர் கற்கும் கல்வியைக் கணிப்பியல் என்றும் இக்கட்டுரையிற் சுருக்கிக் கூறுவேன்.

இதனை விளங்கிக்கொள்ள நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. நம் கிராமங்களில் உள்ள மரணசகாய சங்கங்களை எல்லோரும் அறிவோம். ஒரு பேச்சுக்கு, ஒரு சங்கத்தில் 200 குடும்பங்கள் உள்ளன என்று கொள்வோம். ஒரு மரணத்துக்கு 20,000 ரூபா கொடுப்பது விதி. ஆண்டில் ஐந்து மரணம் நிகழுமாயின் 1,00,000 ரூபா வேண்டும். குடும்பத்துக்கு 500 ரூபா வீதம் சேர்த்தாற் போதும். இனி, இளங்குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் சென்றுவிட, முதியோரைக் கொண்ட 100 குடும்பங்கள் மாத்திரம் ஊரில் எஞ்சுகின்றன. முதியோர் அனைவரும் இங்கேயே இருத்தலால் மரணங்கள் அதே ஐந்துதான். இப்பொழுது குடும்பத்துக்கு 1,000 ரூபா வேண்டும். கட்டணம் ஏறியதென்று மேலும் சிலர் விலகுவர். எஞ்சியோரின் சுமை மேலும் ஏறும். ஈற்றிலே, தம் வாழ்நாள் முழுவதும் ஒழுங்காகப் பணம் கட்டிய கிழவியொருத்தி இறக்கும்போது சங்கத்திற் பணம் இராது. எவரும் களவெடுக்கவில்லை, எவரும் பொய்க்கணக்கு எழுதவில்லை. முன்கூட்டிக் கணித்துச் சொல்லுவார் ஒருவர் இல்லாமையே அங்கு நேர்ந்த கேடு. பத்து ஆண்டுக்கு முன்பே அதனைக் கண்டு எச்சரிப்பவரே கணிப்பாளர்.

இத்தொழில் தோன்றிய வரலாறும் இத்தகையதே. வால்வெள்ளிக்குத் தம் பெயரை அளித்த எட்மண்ட் ஹலி என்னும் ஆங்கில வானியலாளர், 1693 இல் பிரெஸ்லாவ் நகரத்துப் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு, எந்த வயதினர் இன்னும் எத்தனை ஆண்டு வாழ்வர் என்னும் அட்டவணையொன்றை வகுத்தார். 1740 களில் ஸ்கொத்லாந்துத் திருச்சபைக் குருமாரான அலெக்சாந்தர் வெப்ஸ்ரரும் ரொபேட் வொலஸும், இறந்த குருமாரின் விதவைகளும் பிள்ளைகளும் வறுமையுறாதிருக்க ஒரு நிதியை இக்கணித முறைப்படியே அமைத்தனர். 1762 இல் லண்டனில் தோன்றிய ஈக்குவிற்றபிள் சங்கம் வயதுக்கேற்பக் கட்டணம் விதித்து ஆயுட் காப்புறுதி நடத்தியது. அக்சுவரி என்னும் பதவிப்பெயர் இத்தொழிலுக்கு வழங்கலானதும் அங்கேதான். 1848 இல் லண்டனிலும் 1856 இல் எடின்பரோவிலும் இத்தொழிலினர் தமக்கெனக் கழகங்களை நிறுவினர். அவை இரண்டும் 2010 இல் ஒன்றாக இணைந்தன. அக்கழகம் நடத்தும் தேர்வுகளையே நம் நாட்டவர் பலரும் எழுதுகின்றனர்.

ஹலியின் பெயரைச் சொன்னதும் நம்மவர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். 1910 இல் ஹலியின் வால்வெள்ளி மீண்டபோது அதன் போக்கைக் கணித்துப் புகழ் பெற்றவர், வட்டுக்கோட்டையிற் கணிதமும் வானியலும் கற்பித்த அலன் ஆபிரகாம். அவ்வூரிலே 1823 இல் தொடங்கிய செமினரியில் உயர்கணிதம் கற்பிக்கப்பட்டது. அங்கு கற்ற கறல் விசுவநாதபிள்ளை 1855 இல் 'வீசகணிதம்' என்னும் அட்சரகணித நூலைத் தமிழிலேயே வெளியிட்டார். அவரும் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். 1921 இல் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டபின் லண்டன் பட்டத்துக்கு அங்கிருந்தே படித்தனர் நம் முன்னோர். 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகமும், 1974 இல் திருநெல்வேலியில் யாழ்ப்பாண வளாகமும் எழுந்தன. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி மாணவராயிருந்த சி. ஜே. எலியேசர் கேம்பிரிட்ஜிற் கற்று, இலங்கையிலும் மலாயாவிலும், 1968 முதல் மெல்பேணிலும் கணிதப் பேராசிரியராக விளங்கினார். ஆகவே, கணிதம் கற்கக் கடல் கடப்பதா, ஊரில் இருந்தே கற்பதா என்னும் வினா நம்மவர்க்கு நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வினாவேயாகும். ஒவ்வொரு காலத்தாரும் தத்தம் கையிருப்புக்கும் காலத்தின் வசதிக்கும் ஏற்ப அதற்கு விடை கண்டனர்.

இனி என் மருமகனைப் பற்றிச் சொல்லுகின்றேன். அவன் தந்தையார் அரசாங்கத்தில் எழுதுவினைஞராயிருந்து, சேவையில் இருக்கும்போதே மாரடைப்பால் காலமானார். அவர் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்காக ஒரு சிறு தொகை கழிக்கப்பட்டு வந்தது. இவ்வோய்வூதியத்துக்கான கட்டளைச் சட்டம் 1898 ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் இயற்றப்பட்டதாகும். தமக்கையாருக்கு மாதந்தோறும் வந்த அந்த ஓய்வூதியமே பிள்ளைக்குச் சோறும் சீருடையும் ஆயிற்று. அவன் ஒன்பதாம் வகுப்பிற் படிக்கும்போது ஒருநாள் தந்தையின் பழைய சம்பளச் சீட்டொன்றைக் கொண்டுவந்து காட்டி, "மாமா, அப்பாவிடம் இவ்வளவு கழித்தால் அம்மாவுக்கு இவ்வளவு கொடுக்கலாம் என்று யார் கணக்குப் பார்த்தார்கள்?" என்று கேட்டான். அவ்வினாவுக்கு என்னிடம் விடையில்லை. அவனுடைய கணித ஆசிரியரே கணிப்பாளர் என்போர் உளரென அவனுக்குச் சொன்னவர். அன்றுதொட்டு அவன் மனம் அதிலேயே நின்றது.

2020 ஆம் ஆண்டு க.பொ.த. உயர்தரத் தேர்வில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய பாடங்களில் அவன் நல்ல பெறுபேறு பெற்றான். எனினும் பொறியியற் பீடத்துக்குரிய வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் குறைந்தது. "இன்னொருமுறை எழுதட்டும், எஞ்சினியராகலாம்" என்றனர் உறவினர். "இல்லை, நான் கணிப்பியலே படிப்பேன்" என்றான் அவன். அதன் பின்னரே எங்கே படிப்பது என்னும் வினா எழுந்தது.

நகரத்திற் கல்வி முகவர் ஒருவர் எங்களை அன்போடு வரவேற்று, வண்ணப் படங்கள் நிறைந்த ஏடுகளைக் கையில் தந்தார். இரண்டாண்டு கொழும்பில் ஒரு தனியார் நிலையத்திலும் ஈற்றாண்டு வெளிநாட்டிலும் படித்தாற் கணிப்பியற் பட்டம் கிடைக்கும் என்றார். "பட்டம் எடுத்தவுடனே தம்பி அக்சுவரிதான், மாஸ்ரர்" என்றும் உறுதி கூறினார். அதற்குரிய பணத்துக்குத் தமக்கையாரிடம் இருந்த ஒரே வழி, அவருக்குச் சீதனமாக வந்த ஆறு பரப்புத் தோட்டக் காணி. உறுதியை எடுத்து வெளியே வைத்துவிட்டு, "தம்பி, நீ சொல்லுகிறபடி செய்கிறேன்" என்றார் தமக்கையார். அச்சொல் எனக்குப் பெரும் பாரமாயிற்று. பிறர் காணியைப் பற்றி முடிவு சொல்லுவதற்கு முன் கற்கவேண்டியதைக் கற்றே ஆகவேண்டும் எனத் துணிந்தேன். மருமகன் ஆங்கிலத்தில் உள்ளவற்றை வாசித்துச் சொல்ல, நான் ஒரு கொப்பியில் தமிழில் எழுதிவந்தேன். அக்கொப்பியே இக்கட்டுரைக்கு மூலம்.

நாங்கள் முதலில் அறிந்தது, பட்டம் வேறு, தொழிற்றகைமை வேறு என்பதாகும். மருத்துவ பீடத்திற் பட்டம் பெற்றவர் பயிற்சியின் பின் மருத்துவராவார். கணிப்பியல் அவ்வாறன்று. பட்டம் எதுவாயினும், தொழிற்கழகத்தின் தேர்வுகளைத் தாண்டியே கணிப்பாளராகலாம். பிரித்தானியக் கழகம் 2019 இல் தன் பாடத்திட்டத்தைச் சீரமைத்தபோது புள்ளிவிபரவியல், கணிதம், வணிகம், தொழில் நடைமுறை, சிறப்புத்துறை எனத் தாள்களை வகுத்தது. பல தாள்களில் எழுதுவோருட் பாதிப்பேர் அளவிலேயே தேறுவர், அனைத்தையும் முடிக்கப் பட்டத்தின் பின்னும் பல ஆண்டுகள் செல்லும், பணியனுபவமும் வேண்டும். ஆகவே "பட்டம் எடுத்தவுடனே அக்சுவரி" என்பது அக்கழகத்தின் வழியில் இல்லாத செய்தி.

அப்படியாயின் கணிப்பியற் பட்டத்தாற் பயன் யாது? கழகத்தின் ஏற்புப் பெற்ற பல்கலைக்கழகமொன்றிற் குறித்த பாடங்களில் உயர்ந்த புள்ளி பெற்றால், தொடக்கநிலைத் தாள்கள் சிலவற்றை எழுதாது விலக்குப் பெறலாம். எடின்பரோவின் ஹெரியட்-வாட், கென்ட், லண்டன் பொருளியற் கல்லூரி முதலியன இவ்வகையில் நெடுநாட் பெயர் பெற்றவை. ஹெரியட்-வாட் மலேசியாவின் புத்ராஜாயாவிலும் வளாகம் அமைத்து இப்பட்டத்தைக் கற்பிக்கின்றது. அவுஸ்திரேலியாவில் மக்குவாரி, மெல்பேண், மொனாஷ் முதலிய பல்கலைக்கழகங்களிற் கற்கும்போதே அந்நாட்டுக் கழகத்தின் முதற்படியைப் பெரும்பாலும் கடந்துவிடலாம். கனடாவில் வாட்டலூ இத்துறைக்குப் பேர்போனது. ஆயினும் வட அமெரிக்க வழியில் மாணவன் படிக்கும்போதே கழகத்தின் தாள்களைப் பெரும்பாலும் நேரே எழுதித் தேறுதல் மரபு. இந்தியாவில் 1944 இல் சங்கமாகத் தோன்றி, 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் கழகமான அமைப்பொன்று நுழைவுத் தேர்வு வைத்து மாணவரைச் சேர்க்கின்றது. நம் முன்னோர் பட்டம் பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இன்று கணிப்பியலில் முதுநிலைப் பட்டப் படிப்பு உண்டு.

நம் நாட்டிலோ, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலைப் புரட்டினால் மாணவர் பலர் பெயரைப் பார்த்தே கடந்துவிடும் பாடநெறிகள் சில உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்திற் கைத்தொழிற் புள்ளிவிபரவியலும் கணித நிதியியலும் என ஒன்று. உறுகுணையில் நிதிக் கணிதமும் கைத்தொழிற் புள்ளிவிபரவியலும் என ஒன்று. பேராதனையிற் புள்ளிவிபரவியலும் செயற்பாட்டாய்வும் என ஒன்று. யாழ்ப்பாணத்திலும் விஞ்ஞான பீடத்திற் கணிதத்தோடு புள்ளிவிபரவியலைக் கற்கலாம். இவற்றின் பெயரிற் கணிப்பியல் என்னும் சொல் இல்லை. ஆயின் நிகழ்தகவு, புள்ளிவிபரம், நிதிக்கணிதம் ஆகிய அத்திவாரம் அங்கே உண்டு. தொழிற்கழகத்தின் தாள்களைப் பட்டம் பெற்ற பின்னரே எழுதலாம் என்னும் விதியும் இல்லை. பல்கலைக்கழக மாணவனாயிருக்கும்போதே, இந்நாட்டில் இருந்துகொண்டே, ஒவ்வொன்றாக எழுதலாம். வருவாய் குறைந்தோர்க்குப் பிரித்தானியக் கழகத்திற் குறைந்த கட்டணமும் உண்டு.

இவற்றையெல்லாம் கொப்பியில் எழுதியபின், எதனைத் தெரிவது? இங்கேதான் மருமகன் ஒரு வழி கூறினான். "கணிப்பாளர் வேலையே இதுதானே, மாமா. நாங்களும் அந்த முறையிலே பார்ப்போம்" என்றான். எது பெரிய பெயர் என்று பாராமல், எது எவ்வளவு உறுதி, தவறினால் நட்டம் எவ்வளவு, அந்நட்டத்தை யார் தாங்குவது என்று பார்க்கலானோம். அவ்வாறு நாங்கள் கேட்ட வினாக்கள் நான்கு. எந்தப் பெற்றோரும் அவற்றைக் கேட்கலாம்.

முதல் வினா: இப்பட்டத்தை எந்தத் தொழிற்கழகம் ஏற்கின்றது? எந்தெந்தத் தாள்களுக்கு, எத்தனை புள்ளி பெற்றால் விலக்கு? இதனை வாய்மொழியாகக் கேட்டறிதல் போதாது. கழகத்தின் சொந்தப் பட்டியலிலே காணவேண்டும். முகவரிடம் இவ்வினாவைக் கடிதமாக எழுதிக் கொடுத்தேன். இருமுறை நினைவூட்டியும் எழுத்தில் விடை வரவில்லை. அவர் சொன்ன பாடநெறி கழகத்தின் பட்டியலிலும் இல்லை.

இரண்டாம் வினா: மாணவன் இடையில் நின்றுவிட்டால், அல்லது கணிப்பாளனாகாமலே போனால், கையில் எஞ்சுவது யாது? தேர்வுகள் கடினமானவை, மனம் மாறுதலும் இளமைக்கு இயல்பு. புள்ளிவிபரவியற் பட்டம் பெற்றவன் வங்கியிலும், ஆய்விலும், கணினித் துறையிலும், கற்பித்தலிலும் பணி பெறலாம். ஒரு தொழிலுக்கு மாத்திரம் வெட்டிய குறுகிய பட்டத்தினாற் பிற தொழில்கட்குச் செல்லுதல் அவ்வளவு எளிதன்று.

மூன்றாம் வினா: பணம் எந்த நாணயத்திற் கட்டவேண்டும்? நாங்கள் இதனை எழுதியது 2022 தை மாதத்தில். அன்று ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. வைகாசி மாதத்தில் அதுவே 360 ரூபா அளவுக்கு ஏறிற்று. 10,000 டொலர் கட்டணத்துக்கு 20 இலட்சம் ரூபா வைத்திருந்த தந்தை, நான்கு மாதத்தில் 36 இலட்சம் தேடவேண்டியவரானார். பிள்ளையை அனுப்பிவிட்டு நடுவழியில் நின்ற குடும்பங்களை நாம் அறிவோம். ரூபாவிலே உழைப்பவர் டொலரிலே கடமைப்படுவது எத்துணை இடர் என்பதை அவ்வாண்டு நமக்குக் கற்பித்தது.

நான்காம் வினா: கற்றபின் பணி பழகும் இடம் எங்கே? இலங்கையில் 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் காப்புறுதிச் சட்டப்படி, ஆயுட் காப்புறுதி நடத்தும் நிறுவனங்கள் கணிப்பாளர் ஒருவரை நியமிக்கவேண்டும். நெடுங்காலம் பல நிறுவனங்கள் வெளிநாட்டுக் கணிப்பாளரையே நாடின. அந்நிறுவனங்களின் தலைமையகங்கள் கொழும்பிலே உள்ளன. விடுமுறையிற் பணி பழகவும், தேர்வுக்குப் படிப்போரோடு கூடிக் கற்கவும் கொழும்பே வாய்ப்பான இடம். யாழ்ப்பாணத்திற் கற்பவன் அத்திவாரத்தை இங்கே நன்கு இட்டுக்கொள்ளலாம். ஆயினும் பணி பழகும் காலத்திற் கொழும்பு செல்லவே வேண்டியிருக்கும்.

இந்நான்கு வினாக்களையும் நான்கு வழிகளுக்கும் எதிரே எழுதி நிரப்பினோம். பிரித்தானியப் பட்டம் விலக்கில் மேலோங்கியது. நாணயத்திலும் நட்டத்திலும் தாழ்ந்தது. முகவரின் பாடநெறி நான்கிலும் தாழ்ந்தது. திருநெல்வேலி செலவிற் குறைந்தது. கொழும்பு, விலக்குத் தராவிடினும், மற்றை மூன்றிலும் நின்றுபிடித்தது. இந்நாட்டில் 1945 இல் வந்த இலவசக் கல்வியும், 1981 முதல் வழங்கிவரும் மகாபொலப் புலமைப்பரிசிலும் ஏழைப் பிள்ளைக்கு எத்துணை பெருந்துணை என்பதை அக்கணக்கை எழுதும்போதே முற்றாக உணர்ந்தேன். தமக்கையார் காணி உறுதியை மீண்டும் பெட்டியில் வைத்தார். 2022 இல் மருமகன் கொழும்பு சென்றான்.

அவன் அங்கே பட்ட சிரமங்களையும் மறைத்தல் முறையன்று. பதின்மூன்று ஆண்டு தமிழிற் கற்ற பிள்ளை, முதல் நாளிலிருந்து ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கவேண்டும். முதலாண்டில் அவன் எழுதிய கடிதங்களில் எண்ணைவிட மொழியைப் பற்றிய கவலையே மிகுதி. எரிபொருளும் மின்சாரமும் இல்லாத அவ்வாண்டிற் பல வகுப்புகள் கணினி வழியே நடந்தன. விலக்கு இல்லாமையால் ஒவ்வொரு தாளையும் அவனே எழுதவேண்டும். இதுவரை இரண்டு தாள்களில் தேறியுள்ளான். அவற்றுள் ஒன்றை இருமுறை எழுதினான். முழுக் கணிப்பாளனாவதற்கு இன்னும் நெடுவழி உண்டு, ஆகாமலும் போகலாம். ஆயின், காணி காணியாகவே இருக்கின்றது. தமக்கையாருக்குக் கடன் இல்லை.

தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கு மகிழ்ச்சி தந்த செய்தியொன்றும் உண்டு. 2019 இல் வகுக்கப்பட்ட தாள்களுள் ஒன்று, தான் கணித்ததைக் கணிதம் அறியாதார்க்கு விளங்குமாறு எழுதிக் காட்டும் திறனையே சோதிப்பது. எண் எத்துணை சரியாயினும், நிதிக்குழுவில் இருப்போர்க்கும் ஓய்வூதியம் பெறுவோர்க்கும் அது புரியாவிட்டாற் பயனில்லை என்பது அக்கழகத்தின் கருத்துப் போலும். மொழிப்பாடத்தைப் புள்ளிக்காக மாத்திரம் படிக்கும் கணிதப் பிரிவு மாணவர் இதனை நினைவில் வைத்தல் நன்று. தெளிவாக எழுதும் பழக்கத்தைத் தாய்மொழியிற் பெற்றவன், அப்பழக்கத்தைப் பிறமொழிக்கும் எடுத்துச் செல்வான்.

வெளிநாடு செல்லுதல் தவறென்று நான் சொல்லுவதாக எவரும் கொள்ளலாகாது. புலமைப்பரிசில் பெற்றவனும், அந்நாட்டு நாணயத்தில் உழைக்கும் உறவினர் முழுச் செலவையும் மனமுவந்து ஏற்பவனும், அங்கேயே வாழக் கருதுபவனும், கழகத்தின் ஏற்புப் பெற்ற பட்டத்துக்குச் செல்லுதல் நன்றேயாகும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் வளரும் நம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு அதுவே நேர்வழி. ஒரு குடும்பத்துக்குச் சரியான விடை மற்றொன்றுக்குச் சரியாகாது. சரியான வினாவோ எல்லோர்க்கும் ஒன்றே.

இவ்விதழை வாசிக்கும் மூவகையினரிடம் மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேன். மாணவரே, பாடநெறியின் பெயரைப் பார்க்குமுன் அதிற் கற்பிக்கும் பாடங்களின் பட்டியலைப் பாருங்கள். ஆசிரிய நண்பர்களே, மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் அப்பாற் கணிதத்துக்கு வேறு வாழ்வும் உண்டு என்பதை வகுப்பிற் சொல்லுங்கள். ஒரு கணித ஆசிரியர் சொன்ன ஒரு சொல்லே என் மருமகனுக்கு வழியாயிற்று. வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவரே, கட்டடத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் நீங்கள் அனுப்பும் உதவியை நாம் நன்றியோடு நினைக்கின்றோம். அதிற் சிறு பங்கை, தொழிற்றேர்வு எழுதும் ஏழை மாணவரின் தேர்வுக் கட்டணத்துக்கென ஒதுக்கினால் ஒரு குடும்பத்தின் காணி தப்பும். உங்களுள் இத்தொழிலில் இருப்போர் மாதம் ஒருமுறை தொலைவிலிருந்தே நம் மாணவரோடு பேசினால் அதுவும் பேருதவியாகும்.

சென்ற விடுமுறைக்கு வந்த மருமகன் எங்களூர் மரணசகாய சங்கத்தின் கணக்குக் கொப்பிகளைக் கேட்டு வாங்கி, மூன்று நாள் விறாந்தையில் இருந்து படித்தான். உறுப்பினரின் வயதுகளை ஒழுங்குபடுத்தி, இன்றைய சந்தா தொடர்ந்தால் இன்னும் எத்தனை ஆண்டுக்கு நிதி தாங்கும் என்று ஒரு தாளில் எழுதினான். சங்கத் தலைவர் எண்பது வயதைக் கடந்தவர். நம் கல்லூரியின் பழைய மாணவர். தாளை இருமுறை வாசித்துவிட்டு, "சந்தாவைக் கூட்டவேண்டும் என்கிறாய், சனம் என்னைத்தான் ஏசும்" என்றார். "ஐயா, வெளிநாட்டில் இருப்பவர்களும் உறுப்பினராகத் தொடர விதியை மாற்றினால் இவ்வளவு கூட்டத் தேவையில்லை" என்று அவன் மற்றொரு கணக்கையும் காட்டினான். வரும் பொதுக்கூட்டத்தில் அவ்விரண்டு கணக்குகளும் உறுப்பினர் முன் வைக்கப்படவுள்ளன. அவற்றைத் தமிழில் எழுதித் தரும் பணி எனக்கு வாய்த்துள்ளது.

நம் கல்லூரி மென்மேலும் வளர்ந்து, எண்ணும் எழுத்தும் வல்ல மாணவரை நாட்டுக்கு அளித்து நீடு வாழ்க!